எஞ்சினுக்குக் காசு அனுப்ப முதல் வள்ளத்தை அளந்து பாருங்கள்



இது நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை வாசிக்கலாம். ஆனால் கனடாவிலும் லண்டனிலும் சுவிசிலும் இருந்துகொண்டு, ஊரில் கடலுக்குப் போகும் அண்ணன் தம்பிக்குக் காசு அனுப்புகிற பிள்ளைகள் இதைக் கடைசி வரை வாசித்துவிட்டுத்தான் அடுத்த காசை அனுப்ப வேண்டும். கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். என்னிடம் படித்தவர்களுக்கு என் கோபம் புதிதல்ல.

எங்கள் கரையில் இந்த வருடம் மட்டும் நாலு வீட்டில் ஒரே கதை. பழைய பதினெட்டு அடி பிளாஸ்டிக் வள்ளம். பின்னால் பழைய 15 குதிரைவலு மண்ணெண்ணெய் எஞ்சின். வள்ளம் ஒரு பக்கம் இழுக்கிறது. ஓட்டத்தில் மூக்கு துள்ளுகிறது. திருப்பினால் எஞ்சின் கத்துகிறது, வள்ளம் போகுதில்லை. உடனே வாடியில் கூடி நிற்கிறவர்கள் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்: "எஞ்சின் பழசு, வலு காணாது. நாப்பது போடு, எல்லாம் சரிவரும்." கடைக்காரரும் அதையே சொல்கிறார். அன்று இரவே வெளிநாட்டுக்கு அழைப்புப் போகிறது.

நான் சொல்கிறேன், இந்தத் தீர்ப்பு பிழை. இழுப்பதும் துள்ளுவதும் திருப்பத்தில் கத்துவதும் வலுக் குறைவின் அறிகுறிகள் அல்ல. எஞ்சின் பூட்டிய உயரம், அதன் சாய்வு, வள்ளத்தில் பாரம் இருக்கும் இடம், பின்பலகையின் உறுதி, அடிப்பக்கத்தின் வடிவம் ஆகிய ஐந்திலும்தான் அந்த வருத்தம் இருக்கிறது. அதை அளந்து பார்க்காமல் பெரிய எஞ்சினைக் கொண்டுவந்து கொழுவுவது, காய்ச்சல் ஏன் வந்தது என்று பார்க்காமல் நோயாளியை ஓடச் சொல்வதைப் போன்றது. வருத்தம் அப்படியே இருக்கும். வேகம் மட்டும் கூடும். வருத்தத்தோடு வேகமும் கூடினால் என்ன நடக்கும் என்று கடற்கரையில் பிறந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

"ரீச்சருக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும்?" என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே கேட்டார். அவரும் என்னிடம் எட்டாம் ஆண்டில் படித்தவர்தான். அப்பா கடற்றொழிலாளி, இரண்டு தம்பிமாரும் அப்படியே. அதை விடுங்கள். நான் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்து வந்து முப்பது வருடத்துக்கு மேல் விஞ்ஞானம் படிப்பித்தவள். நெம்புகோல் விதியையும் மிதப்பையும் கரும்பலகையில் எத்தனை தரம் வரைந்திருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். கடல் பள்ளிக்கூடப் புத்தகத்துக்குக் கட்டுப்படாது என்று சொல்கிறார்கள். புத்தகத்துக்குக் கட்டுப்படாமல் இருக்கலாம். நெம்புகோலுக்குக் கடலும் கட்டுப்பட்டுத்தான் ஆக வேண்டும்.

முதலில் இந்தப் பழைய வள்ளங்களைப் பற்றி ஒரு சொல். எங்கள் பக்கத்தில் பிளாஸ்டிக் வள்ளம் பரவியதில் காரைநகர் சீநோர் படகுத் தளத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நோர்வேக்காரரின் உதவியோடு வந்தது அது. குருநகரில் வலைத் தொழிற்சாலையும் இருந்தது. அந்தக் காலத்து வள்ளங்கள் சில இன்னும் கடலில் நிற்கின்றன. பிறகு போர் வந்தது. கடலுக்குப் போகத் தூரத் தடை, நேரத் தடை, எஞ்சின் வலுவுக்குக் கட்டுப்பாடு, எரிபொருளுக்குக் கட்டுப்பாடு. புதிய எஞ்சின் கனவிலும் கிடைக்காத அந்தக் காலத்தில், இருந்ததைத் திருத்தித் திருத்தியே எங்கள் ஆட்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர்தான் இன்று இதை வெளிநாட்டில் இருந்து வாசிக்கிறீர்கள். "பழசு தானே, தூக்கி எறி" என்று சொல்ல வாய் வரும்போது இதையும் ஒருக்கால் நினைத்துப் பாருங்கள்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நாலு வீட்டில் ஒரு வீட்டுக்காரர் என் பழைய மாணவரின் தம்பி. அந்தத் தம்பி மட்டும் காசு கேட்க முதல் என்னிடம் வந்து, "ரீச்சர், அண்ணை எஞ்சினுக்குக் காசு அனுப்புறன் எண்டு சொல்லிப்போட்டார். நான் வாங்கட்டோ?" என்று கேட்டார். நான் சொன்னேன்: "ஒரு கிழமை பொறு. ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டு வா." அந்த ஒரு கிழமையில் நாங்கள் பார்த்ததைத்தான் உங்களுக்கு வரிசையாக எழுதுகிறேன்.

ஆறாம் ஆண்டில் நான் சொல்லித் தந்த ஒரு விதி ஞாபகம் இருக்கிறதா? பரிசோதனையில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது. வள்ளத்துக்கும் அதுவே விதி. முதல் நாள் எதையும் தொடக்கூடாது. காற்று எழும்ப முதல், காலை நேரத்தில், வழக்கமான பாரத்தோடு, அதே இரண்டு பேர் ஏறி, நேராக ஓடிப் பார்க்க வேண்டும். கைத்தொலைபேசியில் இருக்கும் ஜிபிஎஸ் வேகத்தைப் போகும்போதும் வரும்போதும் எழுதிச் சராசரி எடுத்தால் நீரோட்டத்தின் கணக்கு கழிந்துவிடும். மெக்கானிக்கிடம் சுற்றுமானி இரவல் வாங்கி எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்றும் எழுத வேண்டும். அந்தத் தம்பியின் வள்ளம் 5000 சுற்றில் மணிக்கு 19 கிலோமீற்றர் ஓடியது.

இது நல்லதா, கூடாததா? கணக்குப் போட்டால் தெரியும். அவருடைய புரொப்பலரின் முன்னேற்றம் 9 அங்குலம். அதாவது திருகாணி மரத்துக்குள் போவதைப் போல வழுக்காமல் போனால் ஒரு சுற்றுக்கு 9 அங்குலம், 22.86 சென்ரிமீற்றர் முன்னே போகும். எஞ்சின் சுற்றைக் கியர் 2.08 ஆல் குறைக்கிறது. 5000ஐ 2.08 ஆல் பிரித்தால் 2404 சுற்று. அதை 0.2286 மீற்றரால் பெருக்கினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 550 மீற்றர். மணிக்கு 33 கிலோமீற்றர். 33 போக வேண்டிய இடத்தில் 19 போகிறது என்றால் 42 சதவீதம் வழுக்கல். பாரமான தொழில் வள்ளத்துக்குக் கொஞ்சம் வழுக்கல் எப்போதும் இருக்கும். 42 என்பது கூடப் பெரிசு. எஞ்சின் சுற்றத்தான் செய்கிறது. அந்தச் சுற்று தண்ணீரைப் பிடிக்கவில்லை. பிடிக்காத கைக்கு இன்னும் பலம் கொடுத்து என்ன பயன்?

முதலாவது முறைப்பாடு: திருப்பத்தில் எஞ்சின் கத்துகிறது.

புரொப்பலருக்கு மேலே எஞ்சின் காலில் கிடையாக ஒரு தட்டு இருக்கிறதல்லவா? மேலேயிருந்து காற்று புரொப்பலருக்குள் இழுபடாமல் தடுப்பதுதான் அதன் வேலை. அந்தத் தட்டு வள்ளத்தின் அடிமட்டத்தோடு ஒரே மட்டத்தில், அல்லது அரை அங்குலம் முதல் ஓரங்குலம் வரை கீழே இருக்க வேண்டும். அதற்கு மேலே இருந்தால் புரொப்பலர் காற்றை உறிஞ்சும். தண்ணீருக்குப் பதிலாக நுரையைப் பிடிக்கும். உடனே சுற்று ஏறும், சத்தம் கூடும், வள்ளம் போகாது. திருப்பத்தில் வள்ளம் சாயும்போது இது இன்னும் மோசமாகும்.

அந்தத் தம்பியின் வள்ளத்தில் நேரான பலகை ஒன்றை அடிப்பக்கத்தோடு வைத்துப் பின்னால் நீட்டிப் பார்த்தோம். தட்டு இரண்டு அங்குலம் மேலே நின்றது. ஏன்? சில வருடத்துக்கு முதல் யாரோ பின்பலகையைத் திருத்தும்போது, மேல் விளிம்பு தேயாமல் இருக்க ஒரு கட்டையை மேலே வைத்து ஒட்டிவிட்டார்கள். கட்டை இரண்டு அங்குலம் உயர்ந்ததால் எஞ்சினும் இரண்டு அங்குலம் உயர்ந்தது. அவ்வளவுதான் வருத்தம்.

இதே இடத்தில் இன்னொரு பிழையும் நடக்கிறது. எஞ்சின்களில் கட்டைக் கால், நெடுங்கால் என்று வகை உண்டு. பொதுவாகக் கட்டைக் கால் 15 அங்குலப் பின்பலகைக்கு, நெடுங்கால் 20 அங்குலத்துக்கு. மலிவாகக் கிடைக்கிறதென்று கட்டைக் காலை வாங்கி 20 அங்குலப் பலகையில் பூட்டினால், அதுவும் காற்றைத்தான் குடிக்கும். நெடுங்காலை 15 அங்குலத்தில் பூட்டினால் கால் ஆழத்தில் இழுபட்டு வேகம் குறையும், தண்ணீர் தெறிக்கும், பரவைக் கடலில் நிலத்தில் முட்டும். வாங்கும்போது கடைக்காரர் இதைக் கேட்டாரா? இல்லை. அவர் கேட்டது "காசா, தவணையா" என்று மட்டும்தான்.

புரொப்பலருக்கு நேர் முன்னால், அடிப்பக்கத்தில் பைபர் ஒட்டுப் போட்ட இடம் புடைத்துக்கொண்டு நின்றாலும் இதே சத்தம் வரும். புடைப்பு தண்ணீரைக் குழப்பி நுரையை நேரே புரொப்பலருக்கு அனுப்பும். அதைத் தேய்த்து மட்டமாக்க ஒரு பின்னேரம் போதும்.

இரண்டாவது முறைப்பாடு: மூக்கு துள்ளுகிறது.

நேராக ஓடும்போதே அணியம் எழும்பி விழுந்து, எழும்பி விழுந்து போகிறது என்றால் இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று எஞ்சின் சாய்வு. தாங்கியில் வரிசையாகத் துளைகளும் ஒரு கம்பியும் இருக்கும். கம்பியை வெளித்துளைக்கு மாற்ற மாற்ற எஞ்சின் கால் பின்பலகையை விட்டு வெளியே போகும். புரொப்பலரின் தள்ளுதல் பின்பக்கத்தைக் கீழே அமத்தி அணியத்தை உயர்த்தும். உட்துளைக்கு மாற்றினால் அணியம் இறங்கும். கிடைத்தட்டு அடிப்பக்கத்துக்குச் சமாந்தரமாக நிற்கும் துளையில் தொடங்கி, ஒவ்வொரு துளையாக மாற்றி ஓடிப் பார்க்க வேண்டும். அந்தத் தம்பியின் கம்பி கடைசி வெளித்துளையில் இருந்தது. எப்போது, யார் அங்கே மாற்றியது என்று ஒருவருக்கும் தெரியாது. வருடக்கணக்காக அப்படியே ஓடியிருக்கிறார்கள்.

மற்றது பாரம் இருக்கும் இடம். எண்ணெய்க் கான் பின்னால். ஐஸ் பெட்டி பின்னால். ஓட்டுகிறவர் பின்னால். நங்கூரம் கூடப் பின்னால். எல்லாப் பாரத்தையும் பின்னுக்கு வைத்துவிட்டு மூக்கு ஏன் எழும்புகிறது என்று கேட்டால் நான் என்ன சொல்ல? சீசோப் பலகையில் விளையாடிய சின்னப் பிள்ளைக்கும் இதற்கு விடை தெரியும். கானையும் ஐஸ் பெட்டியையும் நடுவுக்குக் கொண்டு வந்தோம். துள்ளல் பாதியாகக் குறைந்தது. அடுத்த நாள் கம்பியை இரண்டு துளை உள்ளே மாற்றினோம். துள்ளல் நின்றது. இந்த இரண்டு வேலைக்கும் ஒரு சதமும் செலவில்லை.

இப்போது பெரிய எஞ்சின் கதைக்கு வாருங்கள். 15 குதிரைவலு எஞ்சின் ஏறத்தாழ 40 கிலோ. 40 குதிரைவலு எஞ்சின் 70 கிலோவுக்கு மேல். ஏற்கெனவே மூக்கு எழும்பும் வள்ளத்தின் கடைசி நுனியில் இன்னும் 30 கிலோவை ஏற்றுகிறீர்கள். வள்ளத்தின் சமநிலைப் புள்ளி பின்பலகையிலிருந்து 2 மீற்றரில் என்று வைப்போம். அந்த 30 கிலோவைச் சமப்படுத்த அப்புள்ளிக்கு முன்னே 3 மீற்றர் தூரத்தில் 20 கிலோ மணல் மூட்டை கட்ட வேண்டும். காசு கொடுத்து எஞ்சின் வாங்கி, அதைச் சமாளிக்க மணல் சுமப்பதா தொழில்?

மூன்றாவது முறைப்பாடு: ஒரு பக்கம் இழுக்கிறது.

பெரும்பாலான எஞ்சின்களில், பின்னால் நின்று பார்த்தால், புரொப்பலர் மணிக்கூட்டு முள் சுற்றும் பக்கமாகச் சுற்றுகிறது. ஒரே பக்கம் சுற்றுவதால் கைபிடியில் ஒரு இழுவை இயல்பாகவே இருக்கும். எஞ்சினை வெளியே சாய்க்கச் சாய்க்க அந்த இழுவை கூடும். அதைச் சமப்படுத்தத்தான் பல எஞ்சின்களில் கிடைத்தட்டுக்குக் கீழே ஒரு சின்னச் செட்டை வைத்திருக்கிறார்கள். வள்ளம் வலப்பக்கம் இழுத்தால் செட்டையின் பின்நுனியை வலப்பக்கம் கொஞ்சம் திருப்பி இறுக்க வேண்டும். இடப்பக்கம் இழுத்தால் இடப்பக்கம். கேட்க மாறிச் சொல்வதைப் போலத் தோன்றும், ஆனால் அதுதான் சரி. செட்டையில் படும் தண்ணீர் எஞ்சின் காலை மற்றப் பக்கம் தள்ளுகிறது. ஒரு தரத்தில் கொஞ்சம்தான் திருப்ப வேண்டும், பிறகு ஓடிப் பார்க்க வேண்டும்.

அந்தத் தம்பியின் செட்டை உப்பில் கரைந்து பாதியாகிப் போயிருந்தது. பல எஞ்சின்களில் இந்தச் செட்டைதான் துத்தநாகமாகவும் இருந்து, தான் கரைந்து எஞ்சின் காலைக் காப்பாற்றுகிறது. கரைவதே அதன் தொழில். கரைந்ததை மாற்றுவது எங்கள் தொழில். இன்னொரு வீட்டில் வடிவுக்காக அதற்கும் சேர்த்து வர்ணம் பூசி வைத்திருக்கிறார்கள். வர்ணம் பூசினால் அது எதையும் காப்பாற்றாது. செட்டைக்கு முதல் இன்னொன்றையும் பாருங்கள். எஞ்சின் பின்பலகையின் சரி நடுவில் பூட்டியிருக்கிறதா? புரொப்பலரின் ஒரு இதழ் வளைந்திருக்கிறதா? எண்ணெய்க் கான் ஒரு கரையில் இருக்கிறதா? இவை மூன்றும் சரியான பிறகே செட்டையில் கை வைக்க வேண்டும்.

இனி, ஒருவரும் பார்க்காத இரண்டு இடங்களைச் சொல்கிறேன்.

பின்பலகை: பழைய பிளாஸ்டிக் வள்ளத்தின் பின்பலகைக்குள்ளே மரமோ பிளைவூட்டோ இருக்கும். எஞ்சின் இறுக்கும் திருகும் ஆணித் துளைகளும் வழியாகத் தண்ணீர் உள்ளே போய், வெளியே பளபளப்பாக இருக்க உள்ளே உக்கிவிடும். சுத்தியல் பிடியால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் கணீர் என்று கேட்கும், உக்கின இடம் மொத்தென்று கேட்கும். எஞ்சின் காலின் கீழ்ப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளும்போது இன்னொருவர் பலகையின் விளிம்பைப் பார்க்க வேண்டும். பலகை அசைந்தால் ஓட்டத்தில் எஞ்சின் தன் பாட்டில் ஆடுகிறது என்று அர்த்தம். நீங்கள் நேராகப் பிடித்தாலும் வள்ளம் நேராகப் போகாது. உக்கின பலகையில் 40 குதிரைவலுவைப் பூட்டினால் ஒருநாள் எஞ்சின் பலகையோடு கழன்று கடலுக்குள் போகும். பலகை போன இடத்தால் தண்ணீர் உள்ளே வரும். இதை நான் பயமுறுத்தச் சொல்லவில்லை. நெம்புகோல் விதியைச் சொல்கிறேன். தள்ளும் விசை கீழே புரொப்பலரில், தாங்குவது மேலே பலகையில், இடையில் அரை மீற்றருக்கு மேல் நீளமான நெம்பு.

அடிப்பக்கம்: வள்ளத்தைக் கரையில் ஏற்றி ஒரேயொரு குத்தியில் வருடக்கணக்காக வைத்தால், குத்தி அமத்தின இடம் உள்ளே குழியும். பின்பலகையிலிருந்து முன்னே நாலைந்து அடிக்கு நேரான பலகை வைத்துப் பாருங்கள். இடையில் வெளிச்சம் தெரிந்தால் குழி. குழி இருந்தால் பின்பக்கம் உயர்ந்து அணியம் தண்ணீரைக் குத்தும். மாறாக அடிப்பக்கம் வெளியே வளைந்து நின்றால் மூக்கு துள்ளும். அணியம் குத்தும் வள்ளம்தான் எல்லாவற்றிலும் ஆபத்து. சோளகக் காற்றில் பின்னாலிருந்து அலை தள்ளும்போது அணியம் குத்தினால், வள்ளம் குறுக்கே திரும்பிக் கவிழும். அந்த வேளையில் வேகம் கூடினால் கவிழ்வதும் வேகமாகும். குழியை நிரப்பி மட்டமாக்குவது பைபர் வேலை தெரிந்த ஒருவருக்குச் சில நாள் வேலை. பிறகு குத்திகளை இரண்டு மூன்று இடத்தில் வைத்துப் பாரத்தைப் பகிர வேண்டும்.

அந்தத் தம்பியின் வள்ளத்தில் பின்பலகையின் மேல் மூலை மட்டும் உக்கியிருந்தது. அதை வெட்டி எடுத்துப் புது மரம் வைத்துப் பைபர் போட்டு, துளைகளை அடைத்து, உயரத்தையும் இரண்டரை அங்குலம் குறைத்தார்கள். செட்டை மாற்றினார்கள். கடைசியில் அதே கடல், அதே இரண்டு பேர், அதே பாரம், அதே 5000 சுற்று. வேகம் 19இல் இருந்து 24 கிலோமீற்றர் ஆனது. வழுக்கல் 42இல் இருந்து 27 சதவீதமாக இறங்கியது. திருப்பத்தில் சத்தம் இல்லை. எஞ்சின் அதே பழைய எஞ்சின்தான்.

இனி மறுத்துப் பேசுகிறவர்களுக்கு என் பதில்.

"ரீச்சர், சில எஞ்சின் உண்மையாகவே முடிஞ்சு போயிருக்கும்" என்கிறார்கள். ஓம், இருக்கும். அதற்கும் அளவு இருக்கிறது. மெக்கானிக்கைக் கொண்டு சிலிண்டர் அமுக்கத்தை அளந்து பாருங்கள். இரண்டு சிலிண்டருக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால், அல்லது இரண்டுமே மிகக் குறைவாக இருந்தால், எஞ்சினுக்கு உள்ளே வேலை இருக்கிறது. அப்போது திருத்துங்கள், முடியாவிட்டால் மாற்றுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். அப்போதும் பின்பலகையையும் அடிப்பக்கத்தையும் முதலில் சரிசெய்துவிட்டு, அந்த வள்ளம் தாங்கும் வலுவில் வாங்குங்கள். அளக்காமல் "முடிஞ்சுது" என்று சொல்வதைத்தான் நான் ஏற்கவில்லை.

"பெரிய எஞ்சினைப் பாதி வேகத்தில் ஓட்டலாம்தானே?" என்கிறார்கள். பாதி வேகத்தில் ஓட்ட 40 வாங்கிய ஒருவரை எனக்குக் காட்டுங்கள். இந்தப் பழைய வகை எஞ்சின் முழு வேகத்தில் ஒரு குதிரைவலுவுக்கு மணிக்கு அரை லீற்றர் குடிக்கும் என்று வைத்துக் கணக்குப் போடலாம். 15 என்றால் ஏழரை லீற்றர். 40 என்றால் 20 லீற்றர். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவுக்கு ஏறியதை மறந்துவிட்டீர்களா? அந்த விலையில் ஒரு மணித்தியாலத்துக்கு 2550 ரூபாவும் 6800 ரூபாவும். வித்தியாசம் 4250 ரூபா. எஞ்சினை ஒருதரம் நீங்கள் வாங்கிக் கொடுப்பீர்கள். எண்ணெயை ஒவ்வொரு நாளும் யார் வாங்கிக் கொடுப்பது?

"வாடியில் எல்லாரும் நாப்பது வைச்சிருக்கினம், எங்களுக்குக் கௌரவம் இல்லையோ?" இதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் உண்மைக் காரணம் பல இடத்தில் இதுதான். வெளிநாட்டில் இருப்பவருக்கும் இதில் பங்கு உண்டு. "என்ர தம்பிக்கு நான் நாப்பது எடுத்துக் குடுத்தனான்" என்று சொல்வதில் ஒரு சுகம் இருக்கிறது. "தம்பியின்ர வள்ளத்துக்குப் பின்பலகை திருத்தக் காசு அனுப்பினனான்" என்று சொல்வதில் அந்தச் சுகம் இல்லை. நீங்கள் அனுப்பியது காணாமல் மிச்சத்துக்கு ஊரில் கடன் படுகிறார்கள். அப்போது அடகுக்குப் போவது தம்பியின் சங்கிலி இல்லை, அவருடைய மனைவியின் சங்கிலி. மூன்று பெண்பிள்ளைகள் என் வீட்டுத் திண்ணையில் வந்திருந்து அழுதுவிட்டுப் போனார்கள். மூவரும் என்னிடம் படித்தவர்கள். அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஆகவே வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு என் வேண்டுகோள். ஊரிலிருந்து "எஞ்சின் சரியில்லை" என்று அழைப்பு வந்தால் உடனே தொகையைக் கேட்காதீர்கள். இவற்றைக் கேளுங்கள்: கிடைத்தட்டு அடிமட்டத்திலிருந்து எத்தனை அங்குலம்? சாய்வுக் கம்பி எத்தனையாவது துளையில்? கானும் ஐஸ் பெட்டியும் எங்கே? பின்பலகையைத் தட்டிப் பார்த்தீர்களா? அடிப்பக்கத்தில் பலகை வைத்துப் பார்த்தீர்களா? எத்தனை சுற்றில் எத்தனை கிலோமீற்றர்? படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பதில் வந்த பிறகு பின்பலகைக்கும் செட்டைக்கும் புரொப்பலருக்கும் காசு அனுப்புங்கள். மிச்சத்தில் உயிர்காப்புச் சட்டை வாங்கச் சொல்லுங்கள். எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிறு அந்த எஞ்சினில் இருந்தால் அதை ஓட்டுகிறவர் கையில் மாட்டச் சொல்லுங்கள். பல எஞ்சின்களில் அந்தக் கயிறு எப்போதோ அறுந்துபோய், இடத்தில் ஒரு கம்பித் துண்டு செருகியிருக்கிறது. ஓட்டுகிறவர் தவறி விழுந்தால் வள்ளம் சுற்றிக்கொண்டு அவர் மேலேயே வரும்.

ஊரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். உங்கள் அப்பாமாருக்குக் காற்றையும் நீரோட்டத்தையும் கண்ணால் அளக்கத் தெரியும். அதற்கு ஈடாக என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் எஞ்சின் இரும்பு. அதைக் கண்ணால் மட்டும் அளக்க முடியாது. ஒரு அளவுநாடா, ஒரு நேரான பலகை, ஒரு கொப்பி. இவ்வளவையும் வாடியில் வைத்திருங்கள். யாராவது வந்து "வலு காணாது" என்று சொன்னால், கொப்பியை விரித்து "எந்த அளவில் காணாது?" என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவரின் பேச்சில் இலட்சக்கணக்கில் கடன்பட வேண்டாம்.

சந்தேகம் இருப்பவர்கள் கீழே எழுதுங்கள். மறுத்து எழுதுகிறவர்களும் எழுதலாம், ஆனால் அளவோடு வாருங்கள். அளவில்லாமல் வந்தால் பழையபடி வாங்கில் ஏற்றிவிடுவேன்.

அன்புடன்,
உங்கள் விஞ்ஞான ரீச்சர்